சப்ளையருக்கு ஒரு நியாயம், ராக்கெட்டுக்கு ஒரு நியாயம்

2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி. சி-61 விழுந்தது. காரணத்தை ஆராய விண்வெளித் துறை அதிகாரிகள் குழு போட்டார்கள். குழுவின் அறிக்கையைப் பொதுவெளியில் வைக்காமலேயே சி-62-ஐ ஏவுதளத்தில் நிறுத்தினார்கள். 2026 ஜனவரி 12 அன்று அதுவும் போயிற்று. இரண்டு முறையும் கோளாறு மூன்றாம் அடுக்கில்தான். முதல் முறை மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்தது என்றார்கள். இரண்டாம் முறை அடுக்கு எரிந்து முடியும் தறுவாயில் ராக்கெட் உருளத் தொடங்கிப் பாதை விலகியது என்றார்கள். இ.ஓ.எஸ்.-09 ஒருமுறை, இ.ஓ.எஸ்.-என்1 செயற்கைக்கோளும் அதனுடன் சென்ற 15 சிறு கலங்களும் மறுமுறை. எட்டு மாதத்துக்குள் இவ்வளவு இழப்பு. இரண்டு கோளாறுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று ஒரு குடிமகன் கேட்டால், பதில் சொல்லக்கூடிய தாள் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ராக்கெட் விழுவதில் நமக்குக் கோபம் இல்லை. ராக்கெட் விழும். அறிக்கையைப் பூட்டி வைத்தார்களே, அந்த முடிவின் மேல்தான் கோபம். இந்தக் கோபத்துக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் உரிமை உண்டு.

காரணம் எளிது. இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ உள்ள ஒரு கார் கம்பெனிக்கு பிராக்கெட் செய்து தரும் சிறு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லாட்டில் நான்கு பீஸ் ரிஜெக்ட் ஆனால் அன்று மாலையே மெயில் வரும். மறுநாளுக்குள், கையிருப்பில் உள்ள மொத்த ஸ்டாக்கையும் பிரித்துப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு, கோளாறின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படிகளில் எழுதித் தரும் எட்டு-டி ரிப்போர்ட். அதில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி அனுப்பினால் திரும்பி வரும்: ஆபரேட்டர் தவறு செய்ய மெஷின் ஏன் இடம் கொடுத்தது? தவறு நடக்கவே விடாத போக்கா-யோக்கே ஏற்பாடு எங்கே? ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு, ரூட் காஸ் இதுதான், இனி இப்படி நடக்காமல் இருக்க இதைச் செய்திருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பின்னும், வாடிக்கையாளரின் குவாலிட்டி ஆள் நேரில் வந்து ஷாப் ஃப்ளோரில் நின்று பார்ப்பார். லைன் நின்றிருந்தால் டெபிட் நோட் தனி. சில ரூபாய் விலையுள்ள தகட்டுக்கே இந்தப் பாடு.

வான்வெளித் துறை இவ்வளவு வெளிப்படையாக இருக்க முடியாது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விஷயத்தில் பெருமைப்பட்டோமே, அதை மறந்துவிடக் கூடாது என்றும் சொல்கிறார்கள். மறக்கவில்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யாவைச் சுமந்து சென்றதும் இதே பி.எஸ்.எல்.வி.தான், அன்று மூன்றாம் அடுக்கு ஒழுங்காகவே எரிந்தது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் உள்ள எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் அமர்ந்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 22 அன்று, எக்ஸ்6.3 அளவிலான பெரும் சூரியச் சுடர்வெடிப்பை அதன் புற ஊதாத் தொலைநோக்கி கீழ்வளிமண்டலம்வரை தொடர்ந்து படம்பிடித்தது. 2025 ஜனவரியில் தரவுகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. அதாவது சூரியன் என்ன செய்தது என்பதைச் சொல்லத் தயக்கமில்லை. நம் மோட்டார் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆதித்யா சுற்றிவரும் அதே எல்1 புள்ளியை அதற்கு முன்பிருந்தே சுற்றிவரும் ஒரு கலத்தின் கதையை இந்த அதிகாரிகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 அன்று அனுப்பிய சோஹோ. 1998 ஜூன் 25 அன்று அதனுடன் தொடர்பு அறுந்தது. சூரியனைப் பார்க்க வேண்டிய கலம் முகம் திரும்பிச் சுழன்றது, மின்சாரம் போயிற்று, எரிபொருள் உறைந்தது. ஜூலை 23 அன்று அரெசிபோ ராடார் எதிரொலியை வைத்து அது இன்னும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று மெல்லிய சமிக்ஞை வந்தது. உறைந்த எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி, செப்டம்பர் 16 அன்றுதான் மீண்டும் சூரியனை நோக்கித் திருப்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய தேதி வேறு. கூட்டு விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை ஆகஸ்ட் 31 அன்றே வந்துவிட்டது. கலம் முழுதாகப் பிழைக்குமா என்று தெரியாத நேரம் அது. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே மருத்துவமனை தன் தவறைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையும் மென்மையானதல்ல. கலத்தில் பழுதில்லை, தரையில் இருந்தவர்களிடம்தான் பழுது என்றது. மாற்றியமைத்த கட்டளைத் தொடர்களில், கலத்தின் சுழற்சியை உணரும் கைரோக்களில் ஒன்றை மீண்டும் இயக்கும் கட்டளை விடுபட்டதையும், இன்னொன்றின் அமைப்பு தவறாக விடப்பட்டதையும், அவசரத்தில் நல்ல கைரோவையே பழுதென்று நினைத்து அணைத்ததையும் வரிசையாக எழுதியது. ஆள் பற்றாக்குறையையும், அளவுக்கு மீறி நெருக்கிப் போட்ட கால அட்டவணையையும் குறை சொன்னது. இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் சோஹோ செத்துவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கடைசி கைரோவும் போனபோது, கைரோ இல்லாமலே ஓடும் மென்பொருளை எழுதி அனுப்பினார்கள். 2024-இல் அதன் படங்களில் 5,000-ஆவது வால்மீன் கண்டுபிடிக்கப்பட்டது.

சோஹோ மட்டுமல்ல. சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்து வந்த நாசாவின் ஜெனசிஸ் கலம் 2004 செப்டம்பர் 8 அன்று யூட்டா பாலைவனத்தில் பாராசூட் விரியாமல் மோதியது. உணர்விகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன என்பதை நாசா ஒளிக்கவில்லை.

வெளிநாட்டுக் கதை எதற்கு? நம்மவர்களுக்கே இந்தப் பழக்கம் இருந்தது. 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 தோற்றபோது, கிரையோஜெனிக் அடுக்கின் வால்வு ஒன்று கசிந்ததால் தொட்டி அழுத்தம் குறைந்தது என்ற ஆய்வு முடிவை மறு ஆண்டு வெளியிட்டார்கள். 2022 ஆகஸ்டில் எஸ்.எஸ்.எல்.வி. முதல் பயணத்தில் தோற்றதும், அடுத்ததை ஏவும் முன் காரணத்தைச் சொன்னார்கள். தெரிந்த வித்தையைக் கைவிட வேண்டும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள்கள் பாதுகாப்புத் தேவைக்கானவை, ஆகவே ரகசியம் என்று வாதிடலாம். செயற்கைக்கோளின் கண் ரகசியமாக இருக்கட்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பறக்கும் ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கில் என்ன ரகசியம்? ஐரோப்பாவின் ப்ரோபா-3 சூரியக் கலங்களை 2024 டிசம்பரில் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிச் சென்றதும் இதே ராக்கெட்தானே. அப்போது ஏவுதல் ஒரு நாள் தள்ளிப்போனது. தங்கள் கலத்தில்தான் சிக்கல் என்று ஐரோப்பியர்கள் உடனே சொன்னார்கள்.

முடிவெடுப்பவர்களின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டலாம். ஆதித்யாவுக்கான யோசனை 2008-இல் வந்தது. 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சிறு கலமாக 2012 வாக்கில் போயிருக்க வேண்டியது. எல்1-க்கு மாற்றியது நல்ல முடிவு; கிரகணத் தடையின்றி எப்போதும் சூரியனைப் பார்க்கலாம். ஆனால் அதற்குள் 2014-இன் சூரிய உச்சம் ஒன்று முழுதாகக் கடந்துபோனது. ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ வழிகாட்டிச் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோன செய்தி 2017 தொடக்கத்தில்தான் வெளியே வந்தது. 2019-இல் நிலவில் மோதிய விக்ரம் தரையிறங்கு கலத்தின் முழு ஆய்வறிக்கையை யாரும் பார்க்கவில்லை. அதன் சிதறலில் ஒரு துண்டை நாசாவின் படத்தில் தேடி அடையாளம் காட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். தன் ஓய்வு நேரத்தில் ஒருவர் செய்த வேலை அது. சம்பளம் வாங்கியவர்கள் அதற்கு நன்றி சொன்னதைவிட, எங்களுக்கு முன்பே தெரியும் என்று சொன்னதுதான் உரக்கக் கேட்டது.

இந்த லட்சணத்தில்தான் தனியாரை வாருங்கள் வாருங்கள் என்கிறார்கள். ஐந்து பி.எஸ்.எல்.வி.களைச் செய்யும் ஒப்பந்தம் 2022-இலேயே எச்.ஏ.எல். - எல் அண்ட் டி கூட்டணிக்குப் போய்விட்டது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கை அறிவித்து 10,000 கோடி ரூபாய் முதலீடு வரும் என்கிறது. வல்லம் வடகாலில் வான்வெளிப் பூங்கா இருக்கிறது. நம் பட்டறைக்காரர் கடன் வாங்கி ஐந்து-அச்சு மெஷின் போட்டு, சான்றிதழுக்கு அலைந்து, அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக நுழைய நினைக்கிறார். மூன்றாம் அடுக்கில் எது உடைந்தது, பொருளா, பசையா, பரிசோதனையா, மேற்பார்வையா என்று தெரியாமல் அவர் எதைக் கவனமாகச் செய்வார்? அவர் தப்பு செய்தால் எட்டு-டி கேட்பார்கள். அவரிடம் கேட்கிறவர்களிடம் யார் கேட்பது?

அறிக்கையை யார் வெளியிடுவது, எந்த வடிவில், நாடாளுமன்றக் குழு வழியாகவா, தனி விசாரணை வாரியம் வழியாகவா என்பதை வழக்கறிந்தவர்கள் பேசித் தீர்க்கட்டும். ஏதோ ஒரு வழி வேண்டும். சி-61 அறிக்கை வெளியே வர வேண்டும், சி-62 அறிக்கையும். அதுவரை அடுத்த பி.எஸ்.எல்.வி. பற்றி எந்த மேடையிலும் எங்களிடம் கைதட்டல் கேட்க வேண்டாம்.