வேக மதிப்பெண்ணுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

படிப்பை முடிக்கக் கணினி தேவைப்படுமாயின், அதன் நியாயமான விலையையும் கல்விக் கடனில் சேர்த்துக்கொள்ள இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் இடமளிக்கிறது. இந்த ‘நியாயமான’ என்னும் சொல்லே எங்களுக்குச் சிக்கல் தருகிறது. 60,000 ரூபாய் மடிக்கணினி இருக்க, 90,000 ரூபாய் மடிக்கணினிக்கு விலைப்புள்ளி ஏன் என்று வினவினால், “இதற்கு ஸ்கோர் அதிகம்” என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது.

அந்த ஸ்கோர் எதை அளக்கிறது என்பதைப் பார்ப்போம். சினிபெஞ்ச் என்னும் சோதனை, முப்பரிமாணக் காட்சியொன்றைப் படமாக உருவாக்கும் கடும்பணியைச் செயலியிடம் ஒப்படைத்து, அதன் வேகத்தை மதிப்பிடுகிறது. அனிமேஷன் தொழில் செய்வோருக்கு அந்த எண் நேரடியாகக் காசு. கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் எக்செல்லில் வரவு செலவு எழுதுபவருக்கும் அப்படியன்று. அவர்களுடைய செயலி, அடுத்த விசை எப்போது அழுத்தப்படும் என்று காத்துக்கொண்டே பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. இணையவழி வங்கிச் சேவைப் பக்கம் திறக்கத் தாமதமானால், இணைய இணைப்பையோ வங்கியின் சர்வரில் அந்நேரம் உள்ள நெரிசலையோதான் முதலில் ஐயுற வேண்டும். ஓடிபி தாமதமாவதற்கும் செயலிக்கும் தொடர்பே இல்லை.

எண்ணைக் கண்டு ஏமாறுவது புதிதன்று. 2004இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. 2006இல் வந்த கோர் 2 டுவோ வரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் செயலியே அதனை விஞ்சியது. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது என்று காட்டியவை இத்தகைய ஒப்பீட்டுச் சோதனைகளே. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. இன்றும் ஒரே பெயருள்ள செயலி, மெல்லிய கணினியில் வெப்பம் தாளாது வேகத்தைக் குறைத்துக்கொள்வதை அவை வெளிப்படுத்துகின்றன. காணொளித் தொகுப்போ பொறியியல் வரைபடமோ செய்யும் மாணவர் அவற்றைப் பார்த்தே வாங்கட்டும்.

மற்றவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் படிக்கும். சாதாரண எஸ்எஸ்டியே 500 வரை படிக்கும். கணினி ‘இழுக்கிறது’ என்று சலித்துக்கொள்ளும் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். ரேம் 8 ஜிபியா 16 ஜிபியா என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்தல் நலம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட இயலாது.

கூடுதல் 30,000 ரூபாயை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணையாகச் செலுத்தினால் மாதம் சுமார் 652 ரூபாய் ஆகும். வட்டி மட்டும் 9,100 ரூபாயைத் தாண்டும். கல்விக் கடனில் தவணை தொடங்குமுன் உள்ள விடுப்புக் காலத்துக்கும் வட்டி கணக்கிடப்படுவதால் தொகை இன்னும் ஏறும். பேட்டரியோ திரையோ நன்றாக அமைவதற்கு அந்தப் பணம் போனால்கூட நாம் முகம் சுளிக்க மாட்டோம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாமல் அன்று பின்தங்கின. பணப் பரிமாற்றத்துக்குக் கணினியைப் பயன்படுத்துவோர், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டறிவது அவசியம். எந்த வேகப் பட்டியலிலும் அதற்கு மதிப்பெண் இல்லை.