பூர்வக்குடி யார் என்று தீர்மானிப்பவருக்கு

மாண்புமிகு புறநகர், வட்டார மேம்பாட்டு அமைச்சர் அவர்களுக்கு,

ஒருவர் பூர்வக்குடியா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் அமைச்சரே முடிவு செய்வார் என்கிறது 1954ஆம் ஆண்டுப் பூர்வக்குடி மக்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

இந்தத் தீபகற்பத்தின் காடுகளில் ஒரு காலத்தில் மனித வேட்டை நடந்தது. 19ஆம் நூற்றாண்டிலும் அடிமை பிடிப்பவர்கள் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வக்குடிகளின் குடியிருப்புகளுக்குள் புகுந்து, ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துப்போய் விற்றார்கள். அதே நூற்றாண்டில் அறிஞர்களும் வந்தார்கள். 1874, 75இல் ரஷ்யரான மிக்லுகோ மக்லாய் இந்தக் காடுகளைக் கடந்து நடந்தார். தலையை அளந்தார், முடியைப் பார்த்தார். ஆனாலும் மனித இனம் ஒன்றே என்று வாதாடிய மனிதர் அவர். 1906இல் ஸ்கீட், பிளாக்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பூர்வக்குடிகளைப் பற்றி இரண்டு தடித்த தொகுதிகள் போட்டார்கள். இந்த மக்களுக்கு மொழி உண்டு, முறை உண்டு, தெய்வம் உண்டு என்பதெல்லாம் அப்போதே அச்சேறிவிட்டது.

அத்தோடு விசாரணை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

1995இல் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போட, டிங்கில் பக்கம் புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் பூர்வக்குடி மக்களின் நிலத்தில் சுமார் 38 ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். மண்ணுக்கு ஒரு காசு இல்லை. அந்தக் கிராமத்துச் சாகோங் தாசியும் இன்னும் ஆறு பேரும் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே நிலத்துக்கு முன்னால் ஆளை நிரூபிக்க வேண்டியிருந்தது. தெமுவான் மொழி பேசுகிறார்களா, பழைய வழக்கம் இருக்கிறதா, சொத்து எந்த முறையில் கைமாறுகிறது என்றெல்லாம் ஆராயப்பட்டது. சாட்சிக் கூண்டில் ஆய்வாளரும் ஏற வேண்டியிருந்தது. 2002இல் வென்றார்கள், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள். 65 லட்சம் வெள்ளி இழப்பீடு என்று வழக்கு முடிந்தபோது 2010 ஆகிவிட்டது.

இதே அளவுகோலைத் தமிழர்களான எங்கள் பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்குள்ளேயே ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைகள் எத்தனையோ. கிள்ளானில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களும் இருக்கிறார்கள். உனக்குத் தமிழ் வரவில்லை, எனவே நீ தமிழன் இல்லை, வீட்டைக் காலி பண்ணு என்று எந்த அமைச்சரும் சொன்னதில்லை. மொழி பேசு, வாழ்க்கை முறையை விடாதே, அப்போதுதான் நீ நீயே என்று எங்களுக்கு இல்லாத நிபந்தனை பூர்வக்குடிகளுக்குச் சட்டமாக இருக்கிறது.

தேசிய அருங்காட்சியக வளாகத்தில் ஓராங் அஸ்லி கைவினைக்கூடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடக்கும் தூரம். கேரித் தீவின் மா மெரி பூர்வக்குடி மக்கள் நீரே பத்து மரத்தில் செதுக்கும் சங்கிலிப் புலி அவர்களின் பேர்பெற்ற வேலை. சங்கிலியின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று தொங்கும். எங்கும் ஒட்டு இல்லை, எல்லாம் ஒரே மரக்கட்டையிலிருந்து குடைந்தெடுத்தவை. சுற்றுலாத் துண்டறிக்கையில் அச்சடிக்க அவர்கள் கைவேலை நமக்கு வேண்டும். அந்த மரம் வளரும் அலையாத்திக் காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், நிலம் மாநில அதிகாரம் என்று கோப்பு மூடப்படுகிறது.

நிலம் மாநிலத்தின் கையில் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் உங்கள் அமைச்சின் கையில். அதைத் திருத்தப்போவதாகப் பல முறை கேட்டாயிற்று. 12ஆம் பிரிவில் இழப்பீடு 'கொடுக்கலாம்' என்றிருப்பதைக் 'கொடுக்க வேண்டும்' என்றாக்குங்கள். 3ஆம் பிரிவில் தீர்மானிக்கும் அதிகாரத்தை உங்கள் நாற்காலியிலிருந்து எடுத்து அந்தந்தச் சமூகத்திடமே கொடுங்கள். திருத்த வரைவு நாடாளுமன்றத்துக்குப் போகுமுன் தெமுவான், மா மெரி கிராமத் தலைவர்களான பாத்தின்களின் கைக்குப் போகட்டும். படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்குப் போதிய அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிள்ளான் வாசி ஒருவர்