"இன்னுமா பி.எச்.பி.?" என்று சிரிப்பவர்களுக்கு



பெங்களூரு, சென்னை என்று போய்விட்ட நம் பிள்ளைகள் சிலருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஆற்காட்டிலோ ராணிப்பேட்டையிலோ இருந்துகொண்டு பி.எச்.பி., ஜேகுவெரி வைத்து இணையதளம் செய்கிற பையனைக் கண்டால், "இன்னுமா இதெல்லாம்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிற இந்த முகநூலே 2004இல் பி.எச்.பி.யில் எழுதப்பட்டதுதான். பத்து வருடம் கழித்தும் அதைத் தூக்கி எறியவில்லை. அதிலிருந்தே 'ஹேக்' என்று ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். நீங்கள் பெருமையாகச் சொல்லும் ரியாக்ட் பிறந்ததும் அதே வீட்டில்தான். தமிழ் விக்கிப்பீடியா ஓடுவது பி.எச்.பி.யில். உலக இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நடத்தும் வேர்ட்பிரஸும் அதில்தான்.

ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? சோம்பேறித்தனமா? நம் ஊர்ப் பக்கத்து டேனரிகளைப் பாருங்கள். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமில் ஓரிரு நாளில் முடியும். இன்று டிரம், கழிவுநீர் நிலையம், ஷூ கம்பெனி கேட்கிற பதம், வேலை தெரிந்த ஆள் எல்லாமே குரோமைச் சுற்றி அமைந்துவிட்டது. அதைவிட நல்லது ஒன்று வந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக மாற முடியுமா? இணையதளமும் அப்படித்தான். எழுதியவன் போன பிறகு பழுது பார்க்க உள்ளூரில் ஒருவன் கிடைக்க வேண்டும். மாதம் நூறு, இருநூறு ரூபாய் சர்வரில் ஓட வேண்டும். கடைக்காரருக்கு வேண்டியது அதுதான்.

புதுசுக்கு ஓடியவர்கள் கதையும் தெரியும். கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்தது. 2016இல் வந்த புது ஆங்குலரில் பழைய நிரல் அப்படியே ஓடாது. 2021 இறுதியோடு பழையதற்கு ஆதரவும் நின்றது. எத்தனை பேர் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது! அந்தச் செலவை யார் கொடுத்தார்கள்?

பழைய பதிப்பிலேயே கிடப்பது வேறு விஷயம். பி.எச்.பி. 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு முடிந்துவிட்டன. அதை இன்னும் ஓட்டுகிறவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ரியாக்ட் படிக்காதே என்று சொல்லவில்லை. வேலை விளம்பரத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, அதனால் படிக்கிறார்கள். எல்லோரும் படிப்பதால் விளம்பரத்திலும் அதே பெயர். இதில் கருவியின் மகிமை எவ்வளவு என்று யோசியுங்கள்.

உங்களில் சிலர் இன்று ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பையனின் விண்ணப்பத்தில் பி.எச்.பி. என்று கண்டதும் ஒதுக்கிவிடாதீர்கள். அவன் செய்த தளத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள்.