கப்பல்காரன் பஸ்ஸுல ஏறாதீங்க!

பெங்களூர்ல கடல் இல்லாததாலோ என்னவோ, எங்க ஆபீஸ்ல இப்ப எல்லாருக்கும் கப்பல் மோகம். கொச்சியில ஒரு நாள் நிக்குதாம். இறங்கினதும் கப்பல்காரனே ஏற்பாடு பண்ற ஏசி பஸ்ஸுல ஏறிடறாங்க. கொச்சி பார்த்தாச்சுன்னு ஆல்பம் வேற! அதுக்கு கூகுள்ல படம் பார்த்திருக்கலாம் சாமி.

கப்பல் நிக்கிற வெலிங்டன் தீவே காயலைத் தோண்டின மண்ணைக் கொட்டி உண்டாக்கினது. அங்கேர்ந்து ஆட்டோ பிடிச்சு எர்ணாகுளம் ஜெட்டி போய், ஊர் ஜனங்களோட படகுல ஃபோர்ட் கொச்சி போங்க. 2024 ஏப்ரல்லேர்ந்து வாட்டர் மெட்ரோவும் இருக்கு. வாஸ்கோடகாமாவை 1524-ல முதல்ல புதைச்ச சர்ச், மட்டாஞ்சேரியில 1568-ல கட்டின யூதர் ஜெபாலயம் (சனிக்கிழமை பூட்டு)... இதெல்லாம் பஸ்காரனும் காட்டுவான். தோபிகானாவையும் காட்டுவான், போட்டோவுக்குப் பத்து நிமிஷம். அங்க துவைக்கிறவங்க, டச்சுப் பட்டாளத்து உடுப்பு வெளுக்கக் கூட்டிட்டு வந்த தமிழ்க் குடும்பங்களோட வாரிசுகள். இன்னிக்கும் தமிழ் பேசறாங்க. நம்மாளு ஒருத்தன் அவங்ககிட்ட கைடை நடுவுல வெச்சு இங்கிலீஷ்ல கேள்வி கேட்டுட்டு வந்திருக்கான்!

"கப்பல் போயிடுமே"ம்பாங்க. நிஜம்தான், தனியா சுத்தப் போனவனுக்காகக் கப்பல் காத்திருக்காது. ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுங்க. சில்க் போர்டு ஜங்ஷனைத் தினம் தாண்டற ஆளுங்களுக்கு இந்தக் கணக்கையுமா நான் சொல்லித் தரணும்?