மருந்துக்கு முன்னால் நுண்ணோக்கி

வண்ணமீன் வளர்ப்பில் நன்னீர் மீனுக்கும் கடல்மீனுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல்மீன்களிலோ பெரும்பாலானவை பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. பிடிப்பவர், திரட்டுபவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் எனப் பல கைகள் மாறி, பல தொட்டிகளின் நீரில் நீந்தித்தான் அவை நம் வீட்டை அடைகின்றன. அவை நோயோடு வரக்கூடும் என்று கருதுவதே அறிவுடைமை. புதிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்திருக்கும் வழக்கம் அதனால்தான் ஏற்பட்டது.

ஆனால், இந்தத் தனிமைப்படுத்தல் பெரும்பாலும் மருந்தூற்றும் காலமாகச் சுருங்கிவிட்டது என்பதே என் கவலை. மீன் வந்ததும் செப்பு மருந்து, அடுத்து ஒட்டுண்ணி மருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஆன்டிபயாடிக். நோய் எதுவென்ற கேள்வி எழுவதே இல்லை. தனித்தொட்டி நமக்கு அளிக்கும் பெரிய வாய்ப்பு, நோயை அறிவதற்கான அவகாசம். அதைத்தான் வீணடிக்கிறோம்.

வெண்புள்ளி நோயையே எடுத்துக்கொள்வோம். கிரிப்டோகேரியான் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி இதற்குக் காரணம். மீனின் தோலுக்குள் சில நாள்கள் தங்கி உண்டபின் அது தானாகவே உதிர்ந்துவிடும். புள்ளிகள் மறைந்ததும் மருந்து வேலை செய்துவிட்டதாக வளர்ப்பவர் மகிழ்கிறார். உதிர்ந்த ஒட்டுண்ணியோ தொட்டியின் அடியில் கூடுகட்டிப் பிளந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிவருகிறது. செப்பு கொல்வது நீரில் நீந்தும் அந்தக் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. ஆகவே லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரையிலான செப்பு அயனி, குறைந்தது மூன்று வாரம் நீரில் நிலைத்திருக்க வேண்டும். அளவு குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் மீனே மடியும். பவள மணலும் சிப்பியும் செப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் நாள்தோறும் அளந்து பார்க்காமல் இந்தச் சிகிச்சை நடைபெற முடியாது.

மீன் வேகமாக மூச்சுவிடுகிறது என்றால் காரணம் இது ஒன்றுதானா? அமைலூடினியம் என்னும் ஒட்டுண்ணி முதலில் செவுளைத் தாக்குவதால், உடலில் பொன்துகள் போன்ற படலம் தெரியும் முன்பே மீன் இறந்துவிடக்கூடும். கோமாளி மீன்களைத் தாக்கும் புரூக்லினெல்லாவுக்குச் செப்பு பயன்படாது, ஃபார்மலின் வேண்டும். செவுளில் ஒட்டும் தட்டைப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல். இவை எதுவுமே இல்லாமல், புதிய தொட்டியில் அமோனியா பெருகியதாலும் மீன் மூச்சிரைக்கும். அந்த மீனுக்குத் தேவை நல்ல நீர். மருந்து அதற்கு மேலும் ஒரு துன்பம்.

அறிகுறி ஒன்று, காரணங்கள் பல என்னும்போது ஊகித்து மருந்திடுவது சூதாட்டம். முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். பிறகு மீனின் மேல்தோலின் வழவழப்பையும் செவுளின் சிறு துணுக்கையும் எடுத்து எளிய நுண்ணோக்கியில் பார்த்தாலே, பெரும்பாலான ஒட்டுண்ணிகள் சில நிமிடங்களில் அடையாளம் தெரிந்துவிடும்.

இது பொழுதுபோக்காளரின் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், கொரோனாவைத் தடுக்கும் என நம்பி மீன்தொட்டிக்கான குளோரோகுயின் பாஸ்பேட்டை உட்கொண்ட ஒருவர் உயிரிழந்தார். 2023 டிசம்பரில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம், வளர்ப்பு மீன்கள் உள்ளிட்டவற்றுக்கு அனுமதியின்றி ஆன்டிபயாடிக் விற்ற ஒன்பது நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பிரிட்டனில் கால்நடை மருத்துவரின் சீட்டின்றி மீனுக்கு ஆன்டிபயாடிக் வாங்க இயலாது. தேவையின்றி ஊற்றப்படும் மருந்து தொட்டியோடு நிற்பதில்லை. சாக்கடை வழியே வெளியேறி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது.

நம்மால் இதைச் சீர்செய்ய முடியாதா? வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்கள் 2009 முதல் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தல் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அறிவும் அமைப்பும் இருக்கின்றன. ஏற்றுமதி வருவாய் தரும் இறாலுக்குக் கிடைக்கும் அக்கறை, அழகுக்காக வளர்க்கப்படும் மீனுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

சில வாரங்கள் தொட்டியும் மின்சாரமும் செலவழித்தால் மீனின் விலை ஏறும், வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று வணிகர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. அந்தச் சுமையைத் தனித்தனிக் கடைகளின் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஒரு பணியாளரும் கொண்ட பொது ஆய்வகத்தை, மீன்வளத் துறையும் மீன்வளப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தலாம். மீன் எத்தனை நாள் தனிமையில் இருந்தது, என்ன மருந்து பெற்றது என்பதை விற்பனைச் சீட்டில் எழுதச் சொல்லலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியதைப் போல, கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே பெருக்கும் முயற்சிகளை ஊக்குவிக்கலாம்.

விலை உயர்வைப் பற்றிப் பேசும் நாம் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். தொட்டியில் ஒரு மீன் மடிந்தால் அதன் இடத்தை நிரப்ப இன்னொரு மீன் பவளப்பாறையிலிருந்து பிடிக்கப்படுகிறது. நோயறியாமல் ஊற்றும் மருந்தின் விலையைக் கடல்தான் கொடுக்கிறது. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு நுண்ணோக்கி மிக மலிவானது.