மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதி

ஐதராபாத்தின் உப்பல் சாலையில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருகிறது. 1961இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் அறிவியலாளர்கள், 1967 டிசம்பரில் கொய்னா அணைப் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தையும் அதன் பின் அங்குத் தொடரும் அதிர்வுகளையும் பல பத்தாண்டுகளாக ஆய்ந்துவருகின்றனர். அதே உப்பலில் டி.என்.ஏ. ரேகைப்பதிவு மற்றும் நோயறிதல் மையமும் உள்ளது. மரபுவழி நோய்களுக்கான சோதனைகள் அங்கு நடைபெறுகின்றன. இவ்விரு துறைகளின் தரவுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. ஒருமுறை நேர்ந்த அதிர்வை மறுமுறை அளக்க இயலாது. இறந்துபோன நோயாளியிடம் மீண்டும் குருதி பெற இயலாது. இத்தகைய தரவு அழிந்தால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பாது.

உலகெங்கும் ஆய்வுத் தரவுத்தளங்கள் இன்று கண்டெய்னர் தொகுப்புகளுக்கு இடம்பெயர்ந்துவருகின்றன. இத்தொகுப்புகளை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் என்னும் மென்பொருளை 2014இல் கூகுள் திறமூலமாக வெளியிட்டது. கண்டெய்னர் என்பது எந்நேரமும் அழிக்கப்பட்டு வேறொரு கணினியில் மீண்டும் தோன்றக்கூடியது. அதுவே அதன் வலிமை. தரவுத்தளமோ நிலைத்திருக்க வேண்டியது. இம்முரண்பாட்டைத் தீர்க்கவே, கண்டெய்னர் மடிந்தாலும் எஞ்சி நிற்கும் சேமிப்புப் பகுதி தனியே ஒதுக்கப்படுகிறது. ஆனால் தானாக ஒதுக்கப்படும் அப்பகுதிகளுக்குக் குபர்நெட்டீஸ் இயல்பாக வைத்திருக்கும் விதி, அதற்கான கோரிக்கையை நீக்கினால் சேமிப்பும் சேர்ந்து அழியும் என்பதே. ஒரே கட்டளையில் ஒரு தரவுத்தளம் மறைந்துபோகலாம். இணைப்பிரதிகள் பல ஓடுவதால் அச்சமில்லை என்பாரும் உளர். தவறான நீக்கம் நொடிப்பொழுதில் எல்லா இணைப்பிரதிகளுக்கும் பரவும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஆகவே காப்புப் பிரதி இன்றியமையாதது. அதைத் தானியங்கியாக்குவதும் இன்று எளிது. வெலெரோ போன்ற கருவிகளும், தரவுத்தளத்துக்கென்றே எழுதப்பட்ட ஆபரேட்டர்களும் குறித்த நேரத்தில் பிரதி எடுத்துத் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் வைத்துவிடும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரவுதோறும் வேலை முடிந்ததாகத் திரையில் பச்சை விளக்கு எரிகிறது. பிரதி எங்கோ இருக்கிறது என்ற நிம்மதி பிறக்கிறது. அப்பிரதியிலிருந்து தரவுத்தளம் உயிர்பெறுமா என்று எவரும் பார்ப்பதில்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நேர்ந்தது இதற்குச் சான்று. அது கண்டெய்னர் தொகுப்பில் நேர்ந்ததன்று. ஆயினும் பாடம் ஒன்றே. பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை நீக்கினார். அன்றாடக் காப்புப் பிரதியைத் தேடியபோது சேமிப்பகம் வெறுமையாயிருந்தது. பதிப்புப் பொருத்தமின்மையால் பிரதியெடுப்பு தோற்றிருந்தது; தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களோ சென்று சேரவேயில்லை. சோதனைச் சூழலில் ஏற்றுவதற்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த பிரதியே நிறுவனத்தைக் காத்தது. மீட்டுப் பார்ப்பதற்கென எடுத்த பிரதி மட்டுமே உதவியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் நாட்டிலும் 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. பாதிக்கப்படாத காப்புச் சேவையகத்திலிருந்து தரவு மீட்கப்பட்டது. எனினும் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரங்கள் ஆயின. அதுவரை நோயாளிகள் கையெழுத்துச் சீட்டுகளுடன் வரிசையில் நின்றனர். பிரதி இருப்பது வேறு, அது விரைவில் பயன்பாட்டுக்கு வருவது வேறு.

ஆதலின் தானியங்கியாக வேண்டியது பிரதியெடுப்பு மட்டுமன்று, மீட்டெடுப்பும்தான். கண்டெய்னர் தொகுப்பு இதற்கு மிகவும் ஏற்றது. ஒவ்வொரு வாரமும் தனித்த வெற்றிடம் ஒன்றைத் தானாக உருவாக்கி, அண்மைப் பிரதியை அதில் ஏற்றி, கடைசிப் பதிவின் நேரத்தையும் வரிசைகளின் எண்ணிக்கையையும் சரிபார்த்து, ஆன நேரத்தைக் குறித்துவிட்டு, அவ்விடத்தை அழித்துவிடலாம். தோல்விச் செய்தி வந்தால் மட்டுமன்றி, வெற்றிச் செய்தி வராவிட்டாலும் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும்.

இதற்குச் செலவாகும் என்பதும், நோயாளிகளின் விவரங்கள் சோதனையிடத்தில் கசியக்கூடும் என்பதும் நேர்மையான தடைகளே. மிகப் பெரிய தரவுத்தளங்களில் முழு மீட்டெடுப்பை மாதம் ஒருமுறையாக்கலாம். மீட்கும் இடத்துக்கு வெளித்தொடர்பே இல்லாமல் செய்து, மூலத்துக்குரிய அதே அணுக்கக் கட்டுப்பாடுகளை அங்கும் விதிக்கலாம். தடைகள் முறையைத் திருத்தச் சொல்கின்றன, கைவிடச் சொல்லவில்லை.

நிதி வழங்கும் அரசுத் துறைகள் ஆய்வு நிறுவனங்களிடம் காப்புப் பிரதி எடுக்கப்படுகிறதா என்று மட்டும் கேட்டால் எல்லாரும் ஆம் என்றே எழுதுவர். கடைசியாக எப்போது மீட்டுப் பார்க்கப்பட்டது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்க வேண்டும். ஏட்டுச்சுவடி காலத்தில் படியெடுத்ததோடு பணி முடிந்ததில்லை. ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் படியை ஒப்புநோக்கிய பின்னரே அது நம்பத்தக்க ஏடாயிற்று. கணினி யுகத்துக்கு அந்த ஒப்புநோக்கல் இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஏடு செல்லரிப்பதைக் கண்ணால் காணலாம், கெட்டுப்போன காப்புப் பிரதியைத் திறந்து பார்த்தாலன்றி அறிய முடியாது.