நாற்காலியின் மகிமை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலை என்பதாக ஒன்றிருக்கிறது. பாதிரிமார்களைத் தயார் செய்வதை முக்கிய நோக்கமாய்க் கொண்டு 1636-ல் ஏற்படுத்தப்பட்டது. அதன் மாணாக்கர்கள் நடத்தும் இரண்டு பத்திரிகைகளின் சண்டையைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறோம். ‘கிரிம்ஸன்’ என்பது 1873-ல் தோன்றிய செய்திப் பத்திரிகை. ‘லாம்பூன்’ 1876-ல் தோன்றிய விகடப் பத்திரிகை. பத்திரிகைச் சண்டை என்றால் நம்மூரில் அவதூறும் வக்கீல் நோட்டீசும்தான் ஞாபகத்துக்கு வரும். இது அப்படியல்ல, ஒருவரையொருவர் ஏமாற்றிச் சிரிப்பதே இவர்கள் சண்டை.

லாம்பூன்காரர்களின் கட்டடம் கோட்டை மாதிரியானது. அதன் உச்சியில் ஐபிஸ் என்னும் பறவையைச் செம்பினால் செய்து வைத்திருக்கிறார்கள். நம்மூர் அரிவாள்மூக்கன் ஜாதிதான். பழைய எகிப்தியர்களுக்கோ அது தெய்வப் பறவை. செத்ததையும் துணி சுற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1953-ல் கிரிம்ஸன்காரர்கள் இந்தத் தெய்வத்தைக் கழற்றிக் கொண்டுபோய், ஐக்கிய நாடுகள் சபையிலிருந்த சோவியத் பிரதிநிதி சராப்கினிடம், “மாஸ்கோ சர்வகலாசாலைக் கோபுரத்தில் வைக்க எங்கள் அன்பளிப்பு” என்று கொடுத்துவிட்டார்கள்! இரண்டு தேசங்களும் ஒன்றையொன்று பார்த்து உறுமிக் கொண்டிருந்த காலம் அது. பறவை பிறகு வீடு திரும்பியது. தானாய்ப் பறந்து வரவில்லை.

லாம்பூன்காரர்களும் லேசுப்பட்டவர்களல்லர். 1933-ல் பாஸ்டன் நகரத்துச் சட்டசபையில் தொங்கிய ‘புனித மீன்’ என்னும் ஐந்தடி மரமீனையே கொண்டுபோய், இரண்டு நாள் சட்டசபைக்காரர்களைத் தவிக்க விட்டார்கள். இதே காரியத்தை ஒரு கூலிக்காரன் மகன் செய்திருந்தால் அதற்குக் குறும்பு என்று பெயர் வைத்திருப்பார்களா, திருட்டு என்று பெயர் வைத்திருப்பார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போகிறோம்.

ஏனெனில் நாம் சொல்ல வந்தது மீனையும் பறவையையும் பற்றியல்ல. ஒரு நாற்காலியைப் பற்றி.

2015-ல் லாம்பூன்காரர்கள், கிரிம்ஸன் தலைவர் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக் கொண்டு நியூயார்க்குக்குப் போனார்கள். அப்போது ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட இறங்கியிருந்த டொனால்டு டிரம்பிடம், “நாங்கள்தான் கிரிம்ஸன், தங்களை ஆதரிக்கிறோம்” என்றார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகள் சூழப் படமும் பிடித்துக் கொண்டார். பின்னால் அவரே ஜனாதிபதியும் ஆனார்.

தோழர்களே! சிரிக்குமுன் ஒன்று யோசியுங்கள். அவர் வியாபாரத்திலே பழம் தின்று கொட்டை போட்டவர். அப்படிப்பட்டவர் என்ன ருஜு கேட்டார்? நாற்காலி வந்தது, தனக்குப் பிடித்த வார்த்தையும் கூடவே வந்தது, நம்பிவிட்டார். நம்மூரில் காவியும் கமண்டலமும் வந்தவுடனே நம்புகிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கிரிம்ஸனைப் போலவே எழுத்தும் அமைப்பும் வைத்துப் போலிப் பத்திரிகை அச்சிட்டு வெளியிடுவதும் லாம்பூன்காரர்களின் வழக்கம். அதை வாங்கிப் படித்து ஒருதரம் ஏமாந்த பையன் மறுதரம் அச்சைக் கண்டவுடனே நம்புவானா? வகுப்பில் நாலு வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாத பாடம் இது. நம்மிடமும் சில தோழர்கள் வந்து, “உங்கள் பத்திரிகையிலேயே போட்டிருந்ததே, அப்புறம் என்ன சந்தேகம்?” என்கிறார்கள். வாஸ்தவமாய்ச் சொல்லுகிறோம், இதைக் கேட்டு நமக்குச் சந்தோஷம் உண்டாவதில்லை. புராணத்தை விட்டுவிட்டு நம் பத்திரிகையைப் புராணமாக்கிக் கொண்டால், நாம் இத்தனை நாள் பட்ட பாடு யாருக்காக? நாம் எழுதுவதையும் தட்டிப் பாருங்கள். ஓட்டையாயிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

நிற்க. இவ்விரு கூட்டத்தாரும் பந்தாட்டமும் ஆடுவதுண்டு. ஆட்டம் எப்படி நடந்தாலும், தாங்கள் 23-க்கு 2 என்று ஜெயித்ததாகவே கிரிம்ஸனில் அச்சாகிறது. படிக்கிறவர்களும் சிரித்துக் கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.